வாறுகால் எங்கே போகிறது?

வீட்டுக்கு வருகிற தண்ணீரைப் பற்றி நம் பெண்மணிகளுக்குத் தெரியாத விஷயம் எதுவுமே இல்லை. குழாய் எந்தக் கிழமை திறக்கும், எத்தனை மணிக்கு நிற்கும், முதல் இரண்டு குடம் கலங்கலாக வருமா, தெளிவாக வருமா, எதிர் வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டுக் குழாய் எவ்வளவு சன்னமாகும் என்றெல்லாம் என்ஜினீயர்களுக்கே பாடம் சொல்லக் கூடியவர்கள் அவர்கள்.

ஆனால், வீட்டை விட்டுப் போகிற தண்ணீரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

"அதுவா? வாறுகாலில் போகுது."

"வாறுகால் எங்கே போகிறது?"

"தெருக்கோடிக்கு."

"தெருக்கோடியிலிருந்து?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வருவதில்லை. "இதென்ன வேலையற்ற கேள்வி!" என்கிற மாதிரி ஒரு பார்வைதான் வரும். சென்னையில் 'சாக்கடை' என்பதை மதுரை, தேனிப் பக்கத்தில் 'வாறுகால்' என்பார்கள். பேர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. அதன் பிறகு அந்தத் தண்ணீர் போகிற வழியும் அழகாக இருக்கிறதா என்று பார்க்கலாம், வாருங்கள்.

ஒரு குவளை கழுநீரின் யாத்திரை

கம்பத்தில் ஒரு வீடு. காலை ஒன்பது மணி. குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கணத்துக் குழாய் வழியே வெளியேறித் தெரு வாறுகாலில் விழுகிறது. துவைத்த சோப்புத் தண்ணீரும், குளித்த தண்ணீரும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. கழிப்பறை இருக்கிற வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கும். அந்தத் தொட்டியிலிருந்து வழிகிற நீரும், அநேக ஊர்களில், அதே வாறுகாலுக்குத்தான் வந்து சேருகிறது.

வாறுகால் பெரிய வாறுகாலில் சேரும். பெரிய வாறுகால் ஓடையில் சேரும். ஓடை எங்கே போகும்? பள்ளத்துக்குத்தானே! கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாப் பள்ளமும் கடைசியில் முல்லைப் பெரியாற்றை நோக்கித்தான் இறங்குகிறது. லோயர் கேம்ப்பிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு வருகிற அந்த ஆறு, தேனிக்கருகே வைகையோடு கலக்கிறது. போடி மலையிலிருந்து இறங்கும் கொட்டக்குடி ஆறும் இந்தப் பக்கத்திலேயே வந்து சேருகிறது. எல்லாம் சேர்ந்து வைகை அணைக்குப் போகின்றன. 1959-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீர்தான் மதுரை ஜனங்களின் குடிதண்ணீர்.

ஆகவே, வழியில் யாரும் தடுத்துச் சுத்தம் செய்யாவிட்டால், கம்பத்தில் அக்கா கொட்டுகிற கழுநீர் சின்னமனூரில் இருக்கும் தங்கை வீட்டுப் பக்கமாகப் போய், மதுரையில் இருக்கும் சம்பந்தி வீட்டை எட்டிப் பார்க்கும். சம்பந்தி வீட்டுக்குச் சீர் அனுப்ப வேண்டியதுதான். ஆனால் இந்தச் சீர் வேண்டாமல்லவா?

இந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் தண்ணீரின் அருமை தெரியாதவர்கள் அல்ல. 1895-ல் பெரியாறு அணையைக் கட்டி, மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பிவிட்ட கர்னல் பென்னிகுயிக்கின் படத்தை இன்றைக்கும் வீட்டிலும் கடையிலும் மாட்டி வைத்திருக்கிறார்கள். அவருக்கு லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபமே எழுந்தது. அவர் பிறந்த ஜனவரி 15-ம் தேதி அநேகமாகப் பொங்கலோடு ஒட்டி வருவதால், அவர் பேரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரால்தான் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரண்டு போகம் நெல் விளைகிறது. தண்ணீரைக் கொண்டுவந்த புண்ணியவானுக்கு இவ்வளவு மரியாதை செய்கிற நாம், அதே தண்ணீரைத் திருப்பி அனுப்பும்போது கொஞ்சம் கவனமாக அனுப்ப வேண்டாமா?

தேனி ஜில்லாவில் தேனி-அல்லிநகரம், பெரியகுளம், போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று 6 நகரசபைகள் இருக்கின்றன. 2011 ஜனக் கணக்கின்படி தேனி-அல்லிநகரத்தில் மட்டும் 94 ஆயிரத்துக்கு மேல். கம்பத்தில் 68 ஆயிரம். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு 100 லிட்டர் தண்ணீரை அழுக்காக்குகிறார் என்று வைத்துக்கொண்டால், இந்த இரண்டு ஊர்களும் சேர்ந்து தினசரி 1 கோடியே 60 லட்சம் லிட்டர் கழிவு நீரை வெளியேற்றும். இது கிராமத்துக் கிணற்றடிக் கணக்கல்ல. ஒரு சிறிய ஆற்றின் கணக்கு.

கோவலன் காலத்துச் சங்கதி

"பாதாளச் சாக்கடையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாகரிகம்" என்று சிலர் நினைப்பதுண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழைகிற கட்டத்தில் 'சுருங்கை' என்று ஒரு வார்த்தை வருகிறது. நிலத்துக்குக் கீழே மறைவாக நீர் போகும்படி அமைத்த வழி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வைகைக் கரையில் கீழடியில் நடந்த அகழாய்வில், ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கின்றன. நம் பள்ளத்தாக்கில் கூடலூருக்கு மேலே, மலை உச்சியில், கண்ணகி கோயில் இருக்கிறது. அவள் புருஷன் போன ஊரில் சுருங்கை இருந்தது. அந்த ஊருக்குப் போகிற ஆறு நம் ஊர் வழியாகத்தான் போகிறது. அப்படியிருக்க, நமக்கு இந்த விஷயத்தில் பாத்தியதை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் பழைய பெருமையைப் பேசினால் கொசு போய்விடாது. இந்தக் காலத்தில், நம் தமிழ்நாட்டிலேயே, ஊர் ஜனங்கள் கையை விட்டுப் பணம் போட்டுச் சாதித்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

ஆலந்தூர்க்காரர்கள் செய்த காரியம்

சென்னைக்குப் பக்கத்தில், பரங்கிமலை அடிவாரத்தில், ஆலந்தூர் என்று ஓர் ஊர். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டுவிட்டது; அதற்கு முன்னால் அது தனி நகரசபை. 1990-களில் அங்கே சுமார் ஒன்றரை லட்சம் ஜனங்கள். பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். டேங்க் நிரம்பினால் லாரிக்காரருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் வருகிற வரையில் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் டேங்க் எது, தெரு எது என்று அடையாளம் தெரியாது. கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்போது நகரசபைத் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். பாரதி. பாதாளச் சாக்கடை போட ஏறத்தாழ 34 கோடி ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். நகரசபையின் பெட்டியில் அவ்வளவு பணம் இல்லை. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் வாங்கலாம். சர்க்கார் கொஞ்சம் மானியம் கொடுக்கும். பாக்கிக்கு என்ன செய்வது?

"ஜனங்களையே கேட்டால் என்ன?" என்று தீர்மானித்தார்கள்.

நம் நாட்டில் இது சாதாரண யோசனை அல்ல. சாக்கடை என்றால் சர்க்கார் வேலை. குறை சொல்வதுதான் நம் வேலை என்று பாகம் பிரித்துக்கொண்ட தேசம் இது! ஆனால் ஆலந்தூரில் முதலில் ஜனங்களிடம், "உங்களுக்கு இது வேண்டுமா? வேண்டுமென்றால் பணம் கொடுப்பீர்களா?" என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பெரும்பாலோர் "வேண்டும், கொடுப்போம்" என்றார்கள். பிறகு குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, வார்டு வார்டாகக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், கடை கண்ணிகளுக்கு 10,000 ரூபாய் முன்பணம் என்று ஏற்பாடு. பிறகு மாதாமாதம் கட்டணம் தனி.

அந்தக் காலத்து 5,000 ரூபாய் லேசான தொகையா? ஒரு நடுத்தரக் குடும்பத்தில் அது பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளம். அல்லது தீபாவளிச் செலவு. அல்லது அம்மாவின் கழுத்துச் சங்கிலியை மீட்கிற பணம். மண்ணுக்குள் புதைக்கப் போகிற குழாய்க்காக, அதுவும் இன்னும் வாங்காத குழாய்க்காக, அந்தப் பணத்தை எடுத்துக் கொடு என்றால் எந்த இல்லத்தரசிக்கும் ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும்: "கொடுத்த பிறகு குழாய் வராவிட்டால்?"

இந்தச் சந்தேகத்துக்கு ஆலந்தூரில் சொன்ன பதில்தான் முக்கியம். ஜனங்கள் கொடுத்த பணத்தை நகரசபையின் பொதுப் பணத்தோடு கலக்கவில்லை. தனிக் கணக்கில் போட்டார்கள். வந்த பணத்தை வேறு செலவுக்குத் தொட முடியாது என்று ஜனங்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பணம் வந்தது. நம்பிக்கை என்பது மேடையில் பேசி வருவதில்லை, கணக்கைக் காட்டினால் வருகிறது என்பதை நம் வீட்டுச் சீட்டு நடத்துகிற மாமிகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

2000-ம் ஆண்டு வேலை தொடங்கிற்று. தெருக்களைத் தோண்டினார்கள். சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய்கள் பதிந்தன. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. முதலில் தினம் 1 கோடியே 20 லட்சம் லிட்டரைச் சுத்தம் செய்வது என்றும், பிறகு அதை இரட்டிப்பாக்கலாம் என்றும் திட்டம். அந்த நிலையத்தைக் கட்டி நடத்துகிற பொறுப்பைத் தனியார் கம்பெனியிடம் கொடுத்தார்கள். தெருவைத் தோண்டியபோது ஜனங்கள் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் சகித்துக்கொண்டார்கள். ஏன்? தம் பணம் அந்தப் பள்ளத்துக்குள்ளே இருக்கிறது! பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்தில் சாம்பாரில் உப்புக் குறைந்தால் முணுமுணுப்போம். நம் வீட்டுக் கல்யாணத்தில் குறைந்தால் நாமே ஓடிப் போய்ச் சரி செய்வோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிற்பாடு பல தேசங்களிலிருந்தும் ஆலந்தூரைப் பற்றிப் படித்தார்கள், எழுதினார்கள். இந்தியாவில் சிறு நகரம் ஒன்று, ஜனங்களின் பங்குப் பணத்தோடு பாதாளச் சாக்கடை போட முடியும் என்பதற்கு அது முதல் உதாரணங்களில் ஒன்று.

ஒரு சந்துக்கு ஒரு பொறுப்பாளர்

ஆலந்தூரில் நகரசபை முன்னே நின்றது. நகரசபையும் வராத இடத்தில் என்ன செய்வது? இதற்குக் கராச்சி நகரத்தில் ஒரு பதில் இருக்கிறது.

அங்கே ஓரங்கி என்று ஏழைகள் வாழும் ஒரு பெரிய பகுதி. 1980-ல் அக்தர் ஹமீத் கான் என்ற பெரியவர் அங்கே வந்து ஜனங்களோடு பேசினார். "பாதாளச் சாக்கடை வேண்டும், சர்க்கார் இனாமாகப் போட்டுத் தர வேண்டும்" என்றார்கள் ஜனங்கள். "வரும் வரும் என்று எத்தனை வருஷம் காத்திருப்பீர்கள்?" என்றார் அவர். பிறகு ஒரு காரியம் செய்தார். ஊரை ஒன்றாகத் திரட்டவில்லை. ஒரு சந்து, அதில் இருபது முப்பது வீடுகள். அவ்வளவுதான் ஒரு சங்கம். சந்துக்காரர்கள் தமக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் பணம் வசூலிப்பார். அவரே செலவு செய்வார். கானின் ஸ்தாபனம் ஒரு காசு கூடக் கொடுக்காது. மட்டம் பார்த்துச் சொல்லும். எவ்வளவு சாமான், எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும். கருவிகளை இரவல் கொடுக்கும்.

கண்டிராக்டர் நடுவில் இல்லாததால் செலவு மிகவும் குறைந்துபோயிற்று. முதலில் சில சந்துகளில் சிமெண்டைச் சரியாகப் பதம் செய்யத் தெரியாமல் வேலை கெட்டது, கற்றுக்கொண்டார்கள். ஒரு சந்தைப் பார்த்து அடுத்த சந்து செய்தது. இப்படியே பல்லாயிரம் வீடுகளுக்குக் கழிவுக்குழாய் வந்தது. அவர்கள் செய்துகொண்ட பாகப்பிரிவினை எளியது: வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் ஜனங்கள் பொறுப்பு, சந்துகளைச் சேர்க்கிற பெரிய குழாயும் சுத்திகரிப்பும் சர்க்கார் பொறுப்பு.

அந்த ஸ்தாபனத்தைப் பிற்பாடு நடத்தியவர் ஒரு பெண்மணி: பர்வீன் ரஹ்மான். கராச்சியின் வடிகால்களையும் குடியிருப்புகளையும் வரைபடமாக வரைந்து, எந்த நிலம் யாருடையது, எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஜனங்களுக்குத் தெரிய வைத்தவர். 2013 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வாறுகால் எங்கே போகிறது என்று கேட்பது சில ஊர்களில் எவ்வளவு பெரிய தைரியம், பாருங்கள்! நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்க அவ்வளவு தைரியம் தேவையில்லை. நகரசபைக் கூட்டத்துக்குப் போகிற சிரமம் மட்டும்தான்.

பிரேசில் தேசத்தில் 1980-களில் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். பெரிய குழாயை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஆழமாகக் கொண்டுவருவதற்குப் பதில், ஒரு வரிசை வீடுகளின் கொல்லைப்புறம் வழியாகவோ, நடைபாதை வழியாகவோ சின்னக் குழாயை ஆழமில்லாமல் கொண்டுபோய், கடைசியில் ஒரே இடத்தில் பெரிய குழாயோடு சேர்த்தார்கள். செலவு குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை: உன் கொல்லை வழியாக என் கழிவு போக நீ சம்மதிக்க வேண்டும்; என் வீட்டில் அடைத்தால் உன் வீட்டில் பொங்கும் என்று நான் நினைவில் வைக்க வேண்டும். அதாவது, அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும்!

திருச்சியில் பெண்கள் கையில் சாவி

இவ்வளவு தூரம் போவானேன்? நம் திருச்சிராப்பள்ளியில் கல்மந்தை என்று ஒரு குடிசைப் பகுதி. அங்கே வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்ட இடம் இல்லை. பொதுக் கழிப்பறை இருந்தால், அதைச் சுத்தமாக வைக்க ஆள் இல்லை. கிராமாலயா என்ற தொண்டு ஸ்தாபனத்தின் உதவியோடு அந்தப் பகுதிப் பெண்களே குழுவாகச் சேர்ந்து, பொதுக் கழிப்பறையை நடத்தும் பொறுப்பை ஏற்றார்கள். வருகிறவர்களிடம் சில்லறைக் காசு வாங்குவது, கூட்டிப் பெருக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது, மின்சாரக் கட்டணம் கட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்கள்தாம். 2002-ல் கல்மந்தையில் திறந்தவெளியில் ஒதுங்குகிற வழக்கமே இல்லை என்று அறிவிக்கும் நிலை வந்தது.

இருட்டுகிற வரையில் வயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருந்த கஷ்டம் என்னவென்று பெண்களுக்குத்தான் தெரியும். ஆகவே சாவியும் அவர்கள் கையிலேயே இருப்பது நியாயந்தானே!

மழையும் சாக்கடையும் சேராத ஜோடி

இனி மழை விஷயத்துக்கு வருவோம். நம் தெருக்களில் ஒரு விசித்திரம் உண்டு. மழை நீருக்கென்று கட்டிய கால்வாயில் சாக்கடை ஓடும். சாக்கடைக்கென்று போட்ட குழாயில் மழை நீர் நுழையும். இரண்டும் ஊர் வம்பு!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1,000 சதுர அடி மொட்டை மாடி. ஒரு நல்ல மழையில் 50 மில்லிமீட்டர், அதாவது 2 அங்குலம் பெய்கிறது. அந்த மாடியில் மட்டும் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர் விழுகிறது. குடத்தால் எண்ணினால் 300 குடம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் கழிவு நீர் நாள் முழுவதும் சேர்ந்தே சுமார் 500 லிட்டர்தான். அந்த 500 லிட்டருக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டையை, அதைப்போல் ஒன்பது மடங்கு பெருத்தவனுக்குப் போட்டால் என்ன ஆகும்? பொத்தான் தெறிக்கும்! தெருவில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் பொங்குவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். மாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைக்கிற புத்திசாலிகள் தம் வீட்டுத் தண்ணீரை அடுத்த தெருக்காரரின் கூடத்துக்கு அனுப்புகிறார்கள்.

மாடித் தண்ணீர் போக வேண்டிய இடம் பூமி. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது அவசரம் அவசரமாகக் குழி வெட்டி, ஜல்லி நிரப்பினோம். அதற்குப் பிறகு அந்தக் குழியைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? மண் அடைத்த குழி, ஊசிப்போன பலகாரம் மாதிரி: இருப்பதாகப் பேர், உபயோகமில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் மாடியைப் பெருக்கி, குழியின் மேல் மணலை எடுத்து அலசிப் போட வேண்டும்.

தெருவில் மிஞ்சுகிற மழை நீர் போக வேண்டிய இடம் கண்மாய். நம் முன்னோர் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டி, வரத்துக் கால்வாய் அமைத்து, ஒன்று நிரம்பினால் கலுங்கு வழியாக அடுத்ததற்குப் போகும்படி சங்கிலி போட்டு வைத்தார்கள். கண்மாயைப் பராமரிக்க ஊரே திரண்டு வேலை செய்வதற்குக் 'குடிமராமத்து' என்று பேர். 1858-ல் சென்னை ராஜதானி சர்க்கார் அதற்கு ஒரு சட்டமே போட்டது. 2017-ல் தமிழக அரசு அந்தப் பேரிலேயே ஒரு திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் தூர் வாரிய கண்மாயில் மறுபடியும் வாறுகாலைத் திருப்பிவிட்டால், அது குளித்து முடித்த குழந்தையைச் சேற்றில் இறக்கிவிடுகிற கதைதான். தேனியில் மீறுசமுத்திரம் கண்மாய் இருக்கிறது. அது மழை நீரை வாங்குகிற கண்மாயாக இருக்கப் போகிறதா, ஊரின் அழுக்கை வாங்குகிற தொட்டியாகப் போகிறதா என்பது அதைச் சுற்றியிருக்கிற வீடுகளின் குழாய்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

மூடிக்குக் கீழே ஒரு மனிதன்

ஒரு சங்கதியை மட்டும் வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

குழாய் அடைத்துக்கொண்டது, செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. "ஒரு ஆளைக் கூப்பிட்டு இறங்கச் சொல்லு" என்கிறார் வீட்டுக்காரர். மூடியைத் திறக்கிறார்கள். உள்ளே அழுகிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு நிறைந்திருக்கும். குறைவாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் வரும். அதிகமாகிவிட்டாலோ, மூக்கின் உணர்ச்சியே மரத்துப்போய், நாற்றம் இல்லை போல் தோன்றும். இறங்கினவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்கினவரும் விழுவார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அது இப்படித்தான் நடக்கிறது. அவர்களுக்கும் வீட்டில் மனைவி இருக்கிறாள்; மத்தியானச் சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு 1993-ல் ஒரு தடைச் சட்டம் வந்தது. 2013-ல் வந்த சட்டம் இன்னும் கடுமையானது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்க்குக்குள்ளோ இறக்கினால், இறக்கச் சொன்னவருக்கு முதல் தடவையே 2 வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'இறக்கச் சொன்னவர்' என்றால் நகரசபை அதிகாரி மட்டுமல்ல, வீட்டுக்காரரும்தான். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் மூடி வைத்த அந்தச் சோறு ஆறிப்போனது ஆறிப்போனதுதான்.

குழாய் ஏன் அடைக்கிறது? அதன் பதில் நம் வீட்டுக்குள் இருக்கிறது. மீந்த எண்ணெயை அங்கணத்தில் கொட்டுகிறோம். குழாய்க்குள் அது கொழுப்பாக உறைகிறது. தலைமுடி, கிழிந்த துணி, பிளாஸ்டிக் பை, மாதவிலக்கு நாப்கின் எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. 2017-ல் லண்டன் மாநகரத்தின் அடியில் இப்படிச் சேர்ந்த ஒரு கொழுப்புக் கட்டியைக் கண்டார்கள்: 250 மீட்டர் நீளம், 130 டன் கனம்! சீமைக் குழாய்க்கே இந்தக் கதி என்றால், நம் ஆறு அங்குலக் குழாய் என்ன செய்யும்?

நம் தெருவில் என்ன செய்யலாம்?

சுத்திகரிப்பு நிலையத்தை நாம் கட்ட முடியாது. ஊர்ப் பெரிய குழாயை நாம் போட முடியாது. அவை நகரசபையும் சர்க்காரும் செய்ய வேண்டியவை. செய்யும்படி கேட்க வேண்டியதும் நாமே. ஆனால் ஒரு தெரு, அதன் இருபது வீடுகள், நம் கைக்கு எட்டாதவை அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருப் பெண்கள் ஒரு திண்ணையில் கூடினால் பேச்சு இப்படிப் போகலாம்:

"மதினி, உங்க வீட்டு செப்டிக் டேங்க் எப்பக் கடைசியா எடுத்தீங்க?"

"எடுக்கிறதா? கட்டுன நாள்லருந்து திறக்கவே இல்லத்தா. நல்லா கட்டுனது!"

இதைக் கேட்டு மதினி பெருமைப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கசடு எடுக்காத டேங்க், டேங்க்காக வேலை செய்வதில்லை. உள்ளே வருவது அப்படியே வெளியே போகிறது. அதன் கடைசிக் குழாய் தெரு வாறுகாலுக்குப் போகாமல் உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். லாரியைக் கூப்பிடும்போது நகரசபையில் பதிவு செய்த லாரிதானா, கசடை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேட்க வேண்டும். "ஓடையில" என்று பதில் வந்தால் அந்த லாரி வேண்டாம். நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் பேரம் பேசவும் சௌகரியம்.

அடுத்தது, தெருவின் படம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் காகிதமும் பென்சிலும் கொடுத்தால் ஒரு மத்தியானத்தில் வரைந்து விடுவார்கள்: எந்த வீட்டுக் குழாய் எங்கே விழுகிறது, வாறுகால் எங்கே அடைத்திருக்கிறது, மழை பெய்தால் எந்த மூலையில் தேங்குகிறது, கடைசியில் எந்த ஓடைக்குப் போகிறது என்று. வார்டு கவுன்சிலரிடம் போய், "எங்க தெருவில் சாக்கடை சரியில்லைங்க" என்றால், "பார்க்கலாம்மா" என்பார். படத்தைக் காட்டி, "இந்த மூணாவது வீட்டுக்கு எதிரே சரிவு தப்பா இருக்குங்க, தண்ணீர் திரும்பி வருதுங்க" என்றால், அவர் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டும்போதும் அதே பெண்கள் வாசலில் நிற்கலாம். குழாய் இறங்குகிற சரிவு சரியாக இருக்கிறதா என்பதுதான் உயிர்நிலை. சரிவு குறைந்தால் கசடு தங்கும். பிறகு என்றைக்கும் அடைப்புத்தான். மட்டப் பலகையைப் பார்க்கத் தெரியாதென்று சொல்ல வேண்டாம். இட்லித் தட்டு சாய்ந்திருந்தால் எந்த மூலையில் மாவு வழியும் என்று கண்ணால் பார்த்தே சொல்கிறவர்கள் நாம்!

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். தெருவுக்குப் பொதுவாக வசூலித்த பணம், செலவு, பாக்கி எல்லாம் அதில் ஏற வேண்டும். மாதம் ஒரு முறை திண்ணையில் வைத்து எல்லாரும் பார்க்கும்படி வாசிக்க வேண்டும். ஆலந்தூரில் தனிக் கணக்கு செய்த வேலையையும், ஓரங்கியில் சந்துப் பொறுப்பாளர் செய்த வேலையையும் நம் தெருவில் அந்த இரண்டு ரூபாய்ப் பென்சிலும் நாற்பது பக்க நோட்டும் செய்யும்.

கணக்கு எழுதுவது யார் என்று கேட்பீர்கள். பால் கணக்கும் பலசரக்குக் கணக்கும் மனசிலேயே வைத்திருக்கிற ஒருவர் உங்கள் தெருவில் கட்டாயம் இருப்பார். அநேகமாக, இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பவரே அவராக இருக்கக்கூடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் தட்டினால் இன்னும் நல்லது.